பின்சீட்டில் ஒரு கோடை

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். கையைச் சுட்டுக்கொண்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? கப்பல் சமையல்காரனுக்குக் கைதான் மூலதனம். பார்த்துக்கொள்.

மூலதனம் என்றெல்லாம் பேசுகிறேன், கவனித்தாயா? இடம் கிடைத்துவிட்டது. பிசினஸ் ஸ்கூலில். இரண்டு வருடப் படிப்பு, அங்கேயே விடுதியில் தங்க வேண்டும், செப்டம்பரில் ஆரம்பம். முப்பத்தொரு வயதில் புத்தகப் பை. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

நான் சொன்னபோது அப்பா காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுக்கத் துடைத்து முடித்தார். "நல்லது. நாலு மணிக்கு ஒரு கிளாஸ் இருக்கு, மறந்துடாதே" என்றார்.

கோடை முழுக்கக் கையில் இருக்கிறது. அதற்குள் கணக்கில் ஓர் ஆயத்த வகுப்பை முடிக்க வேண்டும். விடுதி அறைக்கு எழுத வேண்டும். நம் டிரைவிங் ஸ்கூலில் என் இடத்துக்கு ஓர் ஆள் பிடிக்க வேண்டும். அப்பாவோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றல்ல என்று உனக்குத் தெரியும்.

உன் ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது என்றாய். வீட்டுக்கு வந்துவிடேன். கார் ஓட்டச் சொல்லவில்லை. ஆபீஸில் உட்கார், போனை எடு, அப்பாவோடு சாப்பிடு. அது போதும். நான் சேர்வதாக மே இருபதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ வந்தால்தான் என்னால் போக முடியும். வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. தழும்பு மட்டும் ஒரு தீவு மாதிரி இருக்கிறது. வரைபடத்தில் இல்லாத தீவு. நீயும் அப்பாவும் நலமாக இருப்பது படித்து நிம்மதி. துறைமுக ஏஜென்ட் ஆபீஸில் உன் கடிதம் எனக்காக ஒரு வாரம் காத்திருந்ததாம்.

கடிதத்தை வாசித்துவிட்டு உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கேலி இல்லை. சந்தோஷம். தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். எங்க அக்கா முதலாளி ஆகப்போகிறாள் என்றேன். "அப்ப உனக்குத்தான் முதல்ல சீட்டைக் கிழிப்பா" என்றார்.

கோடை என்றதும் எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. பின்சீட்டு. அம்மா இருந்த காலம், அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. நம்மை விட்டுவிட்டுப் போக வேறு இடமில்லை. விடுமுறை முழுக்க நீ ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல். முன்னால் அப்பாவிடம் ஓட்டக் கற்கும் யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டிருப்பார். நாம் அவருடைய பிடரியைப் பார்த்து மேட்டில் வண்டி நிற்குமா நிற்காதா என்று பந்தயம் கட்டுவோம். பிடரிக்குப் பேர் வைப்பாய் நீ. அலமாரி. ஈரத்துண்டு. மாமியார் வந்திருக்கிறாள்.

நம் ஊரை நாம் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாம் இரண்டாவது கியரில். ஒவ்வொரு கடைப் பலகையையும் கடைசி எழுத்து வரை வாசிக்க நேரம் இருந்தது. இப்போது எந்தத் துறைமுகத்தில் டாக்ஸி ஏறினாலும் ஊர் கண்ணில் நிற்பதே இல்லை.

ஒப்பந்தம் எப்போது முடியும் என்று இன்னும் சரியாகச் சொல்லவில்லை. எழுதுகிறேன். அப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

உன் கடிதம் வந்தது. நலமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. இங்கும் அப்படியே, ஒன்றைத் தவிர.

சென்ற வாரம் அப்பா ஒரு கல்லூரிப் பையனோடு போயிருந்தார். வண்டி நடைபாதை மேல் ஏறித் தபால் பெட்டியை இடித்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பா பக்கத்தில்தான் இரண்டாவது பிரேக் இருக்கிறதே, ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன். "அழுத்தினா அவன் எப்பக் கத்துப்பான்?" என்றார்.

இரவு முழங்காலுக்கு அவர் தைலம் தடவும் வாசனை வந்தது. வலது கால். பிரேக் கால். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் இனி அவர் பக்கத்து இருக்கையில் உட்காரக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முதல் திருப்பத்திலேயே கற்றுக்கொள்பவளின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கித் தானே திருப்பிவிட்டார். இறங்கியதும் அப்பா என்னிடம், "அவர் டிரைவர். வாத்தியார் இல்லே" என்றார். அது நியாயம்தான்.

காலையில் கணக்கு வகுப்புக்குப் போகிறேன். சுற்றிலும் இருபத்திரண்டு வயதுக் குழந்தைகள். என்னை டீச்சர் என்று நினைத்து ஒருத்தி எழுந்து நின்றாள்.

மே வந்துகொண்டிருக்கிறது. நீ வருகிறாயா?

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நலம்தானே? அப்பாவின் காலை டாக்டரிடம் காட்டினீர்களா?

இங்கே மழை. சூப் தட்டில் நிற்காமல் மேஜைக்கு மேஜை போய் வருகிறது.

நான் ஏன் மூன்று தடவையும் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றேன் என்று நீ கேட்டதே இல்லை. மரியாதையாக விட்டுவிட்டாய். டிரைவிங் ஸ்கூல்காரர் மகனுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று ஊரே கேட்டது, நீ கேட்கவில்லை. சொல்கிறேன். மூன்று தடவையும் ஒரே தப்பு. எதிரே ஏதாவது வந்தால் நான் பிரேக் போட மாட்டேன். பக்கத்தில் இருப்பவர் போடுவார் என்று இருந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த எல்லா வண்டியிலும் அப்படித்தானே நடந்தது? பக்கத்தில் இருந்த அதிகாரியின் காலுக்குக் கீழே வெறும் தரை என்பது ஒவ்வொரு தடவையும் அவர் கத்திய பிறகுதான் நினைவுக்கு வரும்.

கப்பலில் சேர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இங்கே நான் நிறுத்த வேண்டியது அடுப்பை மட்டும்தான்.

மற்றவை பிறகு.

தம்பி


மே 23

தம்பி,

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார்.

இருபதாம் தேதி வரைக்கும் தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்றேன். அன்று மாலை சேர்கிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன். உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. பிரேக்கைப் பற்றி ஒரு பக்கம், கேட்ட கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. நன்றாக இருந்தது, சிரித்தேன், அப்புறம் கடிதத்தைக் கசக்கினேன். பிறகு நீவி வைத்திருக்கிறேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் இனி ஏற்பாடு என்னுடையது. தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆள் பார்க்கும் சவாரி. வேலை கேட்டு வருபவர் பக்கத்து இருக்கையில் உட்காருவார். மோசமாக ஓட்டும் ஒருவர் வேண்டுமே, அதற்கு முனைக்கடை பேக்கரிக்கார அம்மா தானாக முன்வந்திருக்கிறாள். போன வருடத்திலிருந்து கற்றுக்கொள்கிறாள். இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுவாள். ஆள் வராத நாளில் அந்த இருக்கையில் நான்தான் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தானும் நானும் பின்னால் உட்கார்ந்து மார்க் போட வேண்டும், ஒருத்தர் கண்ணில் படாதது இன்னொருத்தர் கண்ணில் படும் என்றார்.

ஆக, இத்தனை வருடம் கழித்து மறுபடியும் பின்சீட்டு. உன் ஜன்னலில் அப்பா.

அக்கா


ஜூன் 19

தம்பி,

நீ நலமா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கப்பல் எங்கேயோ. நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றோடு என் பொறுமை போய்விட்டது. இதுவரை எத்தனை பேரை வேண்டாம் என்றுவிட்டார் தெரியுமா? ஒருவர் மூக்கை உறிஞ்சுகிறாராம். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பையனைக் கண் தெரியாதவனை எப்படி நம்புவது என்றார். அதெல்லாம் போகட்டும். இந்த வாரம் வந்த அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டியவள். தேவதை மாதிரி. பேக்கரிக்காரி பாலத்தின் நடுவில் இன்ஜினை நிறுத்திவிட்டாள், பின்னால் லாரிகள் அலறுகின்றன. இவள், "நம்ம பாலம்தான், மெதுவா எடுங்க" என்றாள். எனக்கு அங்கேயே அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அப்பா வேண்டாம் என்றுவிட்டார். காரணம் கேட்டேன். "ரொம்ப அமைதியா இருக்கு. பக்கத்துல ஆள் இருக்கறதே தெரியலே."

"உங்களுக்கு யாரும் வேண்டாம். நான் போகக் கூடாது. அதைச் சொல்லிடுங்களேன்" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, நாளைக்கு ஐந்து மணிக்கு இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்றார்.

சவாரி ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. ஊர் முழுக்கச் சுற்றுகிறோம், சந்தை, பழைய சினிமா கொட்டகை, ஆற்றங்கரை. அப்பா வழியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே வருகிறார். நான் மடியில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ம் கொட்டுகிறேன். முன்னால் கண்ணாடியில் பேக்கரிக்காரி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். ரோட்டைப் பார் என்று கத்த வேண்டியிருக்கிறது.

இப்படியே போனால் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

சுகம். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. அவசரமாக எழுதுகிறேன், ஏஜென்ட் வாசலில் நிற்கிறார்.

தள்ளிப்போடாதே. வேறு எதை வேண்டுமானாலும் செய். என்னைத் திட்டு, அப்பாவிடம் கத்து, அதை மட்டும் செய்யாதே.

உன் கேள்விக்குப் பதில் தெரியாததால் நான் எழுதாமல் இருக்கவில்லை. இதற்கு மேல் கேட்காதே.

சவாரியில் அப்பா என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்? எனக்கு எழுதேன்.

தம்பி


ஆகஸ்ட் 10

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் நலமா?

இன்று காலை ரொட்டி வாங்கப் போனேன். கடைக்கு எதிரே இரண்டு லாரிகள். நடுவில் ஒரு வேன் நுழையும் அளவுக்குத்தான் இடம். கடையின் ரொட்டி வேன் வந்தது, ஒரே மடக்கில் பின்னால் போய், கோடு போட்ட மாதிரி நின்றது. என்னையறியாமல் மனசுக்குள் மார்க் போட்டேன். முழு மார்க். கதவைத் திறந்துகொண்டு பேக்கரிக்கார அம்மா இறங்கினாள். தனியாக.

என்னைப் பார்த்ததும் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவு பெரிய வேன் எதிரே நிற்கிறது, சாவியை மறைக்கிறாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஏப்ரலிலிருந்து. நான் கணக்கு வகுப்பில் இருந்த ஒரு காலையில் அப்பா அவளை டெஸ்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். முதல் தடவையிலேயே லைசென்ஸ். அதன் பிறகுதான் அவர் கேட்டாராம், சாயங்காலம் கொஞ்ச நாள் மோசமாக ஓட்ட முடியுமா என்று. நன்றாக ஓட்டுவதைவிட அது கஷ்டமாக இருந்ததாம்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தபால் பெட்டியை இடித்த அன்றைக்கே ஸ்கூலை மூடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். வரச்சொன்ன ஆட்களிடமெல்லாம் பஸ் டிரைவருக்குப் பிறகு முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட்டாராம். ஆம்புலன்ஸ் அம்மா கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அதற்கு மேலும் இரண்டு நாள் சும்மாவே வந்தாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் இந்த நாடகம், என்னோடு ஊரைச் சுற்ற வேண்டுமானால் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"நானும் அதைத்தான்ம்மா கேட்டேன். 'கூப்பிட்டா உட்காருவாளா? வேலை இருக்குன்னுவா. வேலைன்னு சொன்னாத்தான் உட்காருவா'ன்னார்."

வீட்டுக்கு வந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி எங்கே என்று கேட்டார். வாங்க மறந்துவிட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு வழக்கம்போலப் பேக்கரிக்காரி வந்தாள். வேலை கேட்டு யாரும் வரவில்லை. பக்கத்து இருக்கை காலி. நானும் அப்பாவும் பின்னால் ஏறினோம். நோட்டை எடுத்துப்போகவில்லை. இன்று அவள் நன்றாக ஓட்டினாள். மேட்டில் நிற்கவில்லை, பாலத்தில் நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் கேட்கத் தயாராக இருந்தேன், அவர் பேசவில்லை.

ஊர் சீக்கிரம் முடிந்துவிட்டது.

நீயும் இதில் உண்டா? உண்மையைச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உண்டு.

உன் முதல் கடிதம் கையில் கிடைக்கும் முன்பே அப்பா கப்பல் கம்பெனி ஆபீஸுக்குப் போன் செய்து, கரைக்கு வந்ததும் பேசச் சொல்லியிருந்தார். அவர் யாருக்கும் போன் செய்யாதவர். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, கேப்டன் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அப்பா சொன்னது இவ்வளவுதான்.

"அக்கா கேட்டு எழுதுவா. வர்றேன்னு சொல்லாதே. சொன்னா உனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் போவேன்னு நிப்பா. அதுக்குள்ள அவளுக்கு வயசாயிடும். வரலேன்னும் சொல்லாதே. சொன்னா போகவே மாட்டா. ஒண்ணும் சொல்லாம இரு. தானா கிளம்பட்டும்."

சரி என்றேன். கோடைச் சவாரி பற்றி எனக்குத் தெரியாது. அது அவர் பிறகு சேர்த்துக்கொண்டது. உன் மே மாதக் கடிதத்தில் பின்சீட்டு என்று வாசித்தபோதுதான் லேசாகப் புரிந்தது.

போனை வைக்கும் முன்னால், "அங்கே சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார். நான்தான்பா சமைக்கிறேன் என்றேன். "அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

என் ஒப்பந்தம் செப்டம்பர் கடைசியில் முடிகிறது. மே என்றது தொடக்கத்தில் சொன்னது, அதை நான் மாற்றிக்கொண்டேன். வீட்டுக்குத்தான் போகிறேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பேசியிருக்கிறேன், வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இதையெல்லாம் உனக்கு முன்பே எழுத எத்தனை முறை பேனாவை எடுத்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

நீ கிளம்பு. இடையில் வரும் வாரங்களுக்குப் பேக்கரிக்காரி பார்த்துக்கொள்வாளாம். அதுவும் அப்பாவின் ஏற்பாடு.

தம்பி


செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

சேர்ந்துவிட்டேன். அறை சின்னது, ஜன்னல் பெரியது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் வீட்டு விலாசத்துக்கு, நீ வந்து பார்த்துக்கொள்.

புறப்பட்ட அன்று பஸ் நிலையம் வரை அப்பா வந்தார். பேக்கரிக்காரி ஓட்டினாள், கார் இப்போது அவளுடையது. பெட்டியை மேலே ஏற்றியதும், பஸ் டிரைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு எனக்குத் தலையாட்டினார். ஏறலாம் என்று அர்த்தம்.

முதல் வகுப்பில் எல்லாரும் கோடையில் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். ஒருவன் வங்கியில் பயிற்சி. ஒருத்தி ஆலோசனை நிறுவனம். என் முறை வந்தபோது, மூடப்போகும் ஒரு நிறுவனத்துக்கு மூன்று மாதம் ஆள் எடுத்தேன் என்றேன். வகுப்பு சிரித்தது. ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லையா என்று பேராசிரியர் கேட்டார். முதலாளிக்கு ஆள் தேவைப்படவில்லை, என்னைத்தான் உட்கார வைத்திருந்தார் என்றேன். அவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

கோபம் முழுக்கப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய்.

ஒன்றுதான் தம்பி. ஜூனில் ஒரு நாள் பழைய சினிமா கொட்டகையைத் தாண்டும்போது அப்பா ஏதோ சொன்னார். அம்மாவைப் பற்றி. கல்யாணத்துக்கு முன்பு என்று ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார், அவர் சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. நான் வட்டிக் கணக்கில் இருந்தேன். ம் என்றேன். என்ன சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தக் கணக்கின் விடைகூட நினைவிருக்கிறது.

நீ அவரிடம் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீ நலம்தானே? தரை ஆடாமல் இருப்பதால் எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

அப்பா டாக்டரிடம் வந்தார். நான் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனை நாள் உன்னிடம் ஏன் பிகு பண்ணினார் என்று கேட்டேன். நீ ஊரில் இருக்கும்போது கால் சரியில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார்.

மாலையில் நடக்கிறோம். மூட்டுக்கு நல்லதாம். கடை வரை, சில நாள் கொட்டகை வரை. அங்கே வைத்துத்தான் கேட்டேன். அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் ஏதோ சொல்வீர்களே என்று, எனக்கே தெரிந்த மாதிரி. அவர் நின்று கொட்டகையைப் பார்த்தார். அங்கே இப்போது டயர் விற்கிறார்கள்.

"ஒண்ணும் இல்லியே" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவ கேக்கச் சொன்னாளா?" என்றார்.

இல்லை என்றேன். நம்பவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பாடு ஆனதும், உனக்குக் கடிதம் எழுதினால் தனக்கும் கொஞ்சம் இடம் விடச் சொன்னார். அரைப் பக்கம் விட்டேன். ஞாயிறு முழுக்கப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அவர் எழுதியது ஒரு வரிதான். நான் அடியில் கோடு போட்டு மிச்ச இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

தம்பி

அங்கே சொல்லிக்கொடுக்கிறவர்கள் பொறுமையாக இருக்கிறார்களா? — அப்பா